எத்தனை கட்டை லைட்?

இன்றைக்குப் பேசக் கொடுத்திருக்கும் பொருள், குறைந்த காசில் நல்ல டார்ச் லைட் எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்பது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய பேச்சு போலத் தெரியும். எவரெடி, நிப்போ, பானசோனிக், பிலிப்ஸ், விப்ரோ என்று கடை அலமாரியில் தொங்கும் பெயர்களைப் படித்து, ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்ன பெயர் அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குமா என்பது சந்தேகம். ஒரே கம்பெனி பத்து வருஷம் உழைக்கிற லைட்டும் போடுகிறது, பத்து மாதத்தில் ஓய்கிற லைட்டும் போடுகிறது. இரண்டின் மேலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. முன்பெல்லாம் காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர் பஜாரிலோ பெருநகர் என்ற ஊரின் கடைத்தெருவிலோ போய் லைட் கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது, "எத்தனை கட்டை லைட்?" என்பதுதான். கட்டை என்றால் பெரிய பேட்டரி செல்; ரெண்டு கட்டையா, மூணு கட்டையா என்பது முடிவான பிறகுதான் கம்பெனிப் பேச்சு வரும். அந்த வரிசைதான் சரி என்பது என் கட்சி. டார்ச் வாங்குவது என்றால் முதலில் செல்லை வாங்குவது; அந்தச் செல்லைச் சுற்றி இருக்கும் குழாய் யார் செய்தது என்பது இரண்டாவது கேள்வி. இதை மாற்றிப் போட்டதால்தான் நம் வீடுகளில் பரண் மேல் செத்த லைட்டுகள் குவிந்து கிடக்கின்றன.

முதலில் இந்த ஊர்ப் பக்கம் டார்ச் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். நகரத்தில் அது மின்வெட்டுக்கு எடுத்து வைத்திருக்கும் சாமான். காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில், செய்யாற்றை ஒட்டியிருக்கும் இந்த ஊர்களில் அது விவசாயக் கருவி. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுக்கும் மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் மோட்டார் ஓடும், அது நடு இரவாகவும் இருக்கும். மோட்டார் போடப் போகிறவர், மடை மாற்றப் போகிறவர், ஈரமான வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமத்தார். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் நான்கு பாம்புகளும் – நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் – நம் வயலிலும் வைக்கோல் போரிலும் இருப்பவைதான். இருட்டில் நடக்கும்போது விளக்கு கொண்டு போவதும் காலில் செருப்போ பூட்ஸோ போடுவதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் தற்காப்புகளில் சேர்த்தி. ஆகையால் இங்கே ஒரு டார்ச்சின் மதிப்பை, அது எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதை வைத்துப் போட முடியாது. ஆறு மாதம் ஆணியில் தொங்கிய பிறகும், விசையை அழுத்திய நொடியில் எரிகிறதா, காலடிக்கு முன்னால் இரண்டு எட்டுத் தூரத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா என்பதுதான் மதிப்பு.

கம்பெனிப் பெயரை நான் ஏன் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறேன் என்பதற்கு எவரெடியின் கதையே போதும். டார்ச் என்றாலே எவரெடி என்று மூன்று தலைமுறை சொல்லிப் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் 1899-இல் குழாய் வடிவ டார்ச்சுக்குக் காப்புரிமை பெற்ற நிறுவனம் வைத்துக்கொண்ட வியாபாரப் பெயர் அது. இந்தியாவில் 1934-இல் கல்கத்தாவில் எவரெடி கம்பெனி பதிவாயிற்று. பிற்பாடு அது யூனியன் கார்பைடு இந்தியா ஆனது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த ஆலை அதே கம்பெனியுடையதுதான். கையில் இருந்த சிவப்புக் கட்டைக்கும் அந்த ஆலைக்கும் முதலாளி ஒருவரே என்பதை அன்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியாது. 1994-இல் அந்தக் கம்பெனி தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர் போன கேத்தான் குடும்பத்தின் குழுமத்துக்குக் கைமாறியது. 2022-இல் டாபர் நிறுவனத்தை வைத்திருக்கும் பர்மன் குடும்பத்தின் பொறுப்புக்கு வந்தது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் அப்படியே இருக்கிறது. உள்ளே முதலாளிகள் மாறினார்கள், பித்தளைக் குழாய் போய் பிளாஸ்டிக் வந்தது, பல்பு போய் எல்.இ.டி. வந்தது. இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். ஆனால் தாத்தா வைத்திருந்த பித்தளை டார்ச் இருபது வருஷம் உழைத்தது என்பதால் பேரன் இன்று வாங்கும் லைட்டும் உழைக்கும் என்று எந்தப் பெயரும் ஜவாப்தாரி ஆக முடியாது.

பித்தளை டார்ச் உழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது பித்தளையின் மகிமை மட்டுமல்ல. அதில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு: பல்பு, கட்டை. இரண்டுமே பெட்டிக் கடையில் கிடைத்தன, இரண்டையும் ஒரு சிறுவனே மாற்றினான். இன்று பல்பின் இடத்தில் எல்.இ.டி. இருக்கிறது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசித்தான் நம் டார்ச்சின் வெள்ளை வெளிச்சம் வருகிறது. பழைய பல்பு ஒரு வாட் மின்சாரத்தில் தந்ததைப்போல ஏழெட்டு மடங்கு வெளிச்சத்தை அதே ஒரு வாட்டில் சாதாரண எல்.இ.டி. தந்துவிடும்; ஆயிரக்கணக்கான மணி நேரம் எரியும். அதாவது வெளிச்சம் மலிவாகிவிட்டது. எந்தக் கம்பெனி லைட்டிலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, வெளிச்சத்தைப் பார்த்து ஒரு லைட்டை இன்னொன்றிலிருந்து பிரிக்கவும் முடியாது. கெட்டுப்போவது செல், அடுத்தபடி விசை, அதற்கடுத்தபடி சார்ஜ் ஏறும் துவாரம். ஆகவே காசு எங்கே போகப் போகிறது என்று பார்க்கிறவர் செல்லைத்தான் பார்க்க வேண்டும்.

செல்லின் கணக்கு வேடிக்கையானது. ஒரு பெரிய கட்டையின் விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கரி-துத்தநாகக் கட்டையிலிருந்து நடைமுறையில் கிடைப்பது ஐந்தாறு வாட்-மணி மின்சாரம். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். அப்படியென்றால் கட்டை வழியாக நாம் வாங்கும் மின்சாரம் யூனிட் மூவாயிரம் ரூபாய்க்கு மேல்! வீட்டுக்கு முதல் யூனிட்டுகளை இலவசமாக வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முகம் சுளிக்கும் நாம், டார்ச்சுக்கு மட்டும் இந்த விலை கொடுக்கிறோம். உடனே கட்டை லைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு சார்ஜ் லைட் வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். யூனிட் விலையை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். எத்தனை நேரம் எரிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கொல்லைப்புறம் போகவும் மின்வெட்டில் தீப்பெட்டி தேடவும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அரை வாட் லைட் எரிகிறது என்றால் மாதத்துக்கு இரண்டரை வாட்-மணி. ரெண்டு கட்டை நாலைந்து மாதம் வரும். செலவு மாதம் எட்டு பத்து ரூபாய். அதே சமயம், மோட்டார் கொட்டகைக்குப் போய் வரவும் மடை பார்க்கவும் தினம் ஒரு மணி நேரம் ஒரு வாட் லைட் எரிக்கிறவருக்கு மாதம் 30 வாட்-மணி வேண்டும். ஐந்து கட்டை, நூறு ரூபாய், வருஷத்துக்கு 1,200 ரூபாய். அவர் லித்தியம் செல் போட்ட ஒரு சார்ஜ் லைட்டை 500 ரூபாய் கொடுத்து வாங்கினால் ஆறு மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். சார்ஜ் ஏற்றும் செலவு, சேதாரம் எல்லாம் சேர்த்தாலும் மாதத்துக்குக் கால் ரூபாய்க்கு மேல் போகாது.

ஆக, 'எந்தக் கம்பெனி' என்று கேட்பதற்கு முன்னால் 'ஒரு ராத்திரிக்கு எத்தனை நிமிடம்' என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கால் மணி நேரத்துக்குள் என்றால் கட்டையோ பென்சில் பேட்டரியோ போடும் லைட். அரை மணிக்கு மேல் என்றால் லித்தியம் சார்ஜ் லைட். நடுவில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. வருஷத்துக்கு ஓரிரு ராத்திரி – தைப்பூசத்துக்குச் செய்யாற்று மணலில் சுற்று ஊர்ச் சுவாமிகள் கூடும்போது, புயல் மழையின்போது – மட்டும் எடுக்கிறவர்கள் ஆல்கலைன் செல்லைப் பிரிக்காமல் பாக்கெட்டோடு லைட்டுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. விலை கூட, ஆனால் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். கரிக் கட்டையை உள்ளேயே போட்டு மறந்துவிட்டால், அதன் துத்தநாக ஓடே கரைந்து ஓட்டையாகி, கசிந்து, ஸ்பிரிங்கைப் பச்சை பூத்துப்போகச் செய்துவிடும். பரண் மேல் இருக்கும் லைட்டுகளில் பல அப்படிச் செத்தவைதான். கம்பெனி மேல் பழி போடுவது நியாயமில்லை. பழைய கட்டையோடு புதுக் கட்டை சேர்த்துப் போடுவதும் இதே சாவைச் சீக்கிரம் வரவழைக்கும் வழி.

கட்டை லைட்டிலேயே நல்லது கெட்டது கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய மூன்று வோல்ட் வேண்டும். ரெண்டு புதுச் செல் போட்டால் சரியாக மூன்று வரும். கொஞ்சம் தேய்ந்ததும் இரண்டரைக்கு இறங்கும். உள்ளே வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் சிறு சர்க்யூட் இருந்தால் அந்த இரண்டரையிலும் லைட் நன்றாக எரியும், செல்லைச் சக்கை வரை பிழிந்துவிடும். அந்தச் சர்க்யூட்டை மிச்சம் பிடித்துச் செய்த லைட், செல்லில் பாதி சரக்கு இருக்கும்போதே மங்கிப்போகும். பென்சில் பேட்டரி லைட் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: லைட்டில் ஓய்ந்த செல்லை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போடுங்கள். கடிகாரம் மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும், அதனால் சில வாரம் ஓடினால் ஆச்சரியமில்லை. மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த லைட் உங்கள் காசில் பாதியைக் குப்பையில் போடுகிறது. இது எந்த அட்டையிலும் அச்சிட்டிருக்காது, எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

இனி, நம் ஊர்களில் அதிகம் விற்கும் லைட்டுக்கு வருவோம். பின்பக்கத்தில் ரெண்டு பின் மடக்கி வைத்திருக்கும். நேரே சுவர் பிளக்கில் குத்தலாம். நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குச் சந்தையில் கிடைக்கும். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பக்கவாட்டில் டியூப் லைட் போல ஒரு வரிசை வேறு. இதை வாங்காதீர்கள் என்று கம்பெனிப் பெயரே பார்க்காமல் சொல்லலாம். இவற்றில் பெரும்பாலும் இருப்பது நாலு வோல்ட் ஈய-அமில பேட்டரி. வண்டி பேட்டரியின் குட்டித் தம்பி. இதற்கு இரண்டு சுபாவம்: சார்ஜ் இறங்கிய நிலையில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி மறுபடி சார்ஜ் ஏறாது, ராத்திரி முழுக்கப் பிளக்கிலேயே விட்டால் உள்ளிருக்கும் ஈரம் வற்றிப்போகும். எடுக்காமல் வைத்தாலும் சாகும், விடாமல் ஊட்டினாலும் சாகும். மலிவு லைட்டுகளில் சார்ஜ் நிரம்பியதும் நிறுத்தும் ஏற்பாடும் இருப்பதில்லை. அதைவிட மோசம், 230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வைக்காமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள். அப்போது வீட்டு மின்சாரத்துக்கும் லைட்டின் உள்பாகத்துக்கும் நடுவில் தடுப்புச் சுவரே கிடையாது. உடைந்த பிளாஸ்டிக்கின் இடுக்கில் தெரியும் தகட்டைச் சார்ஜில் இருக்கும்போது ஈரக் கையோடு தொட்டால் அடிக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை யோசிக்க வேண்டும்.

லித்தியம் லைட்டில் இந்தத் தொல்லை இல்லை. செல்போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டிலேயே ஏறிவிடும். ஆனால் அங்கே பொய்யின் ஆட்சி. பரவலாக வரும் செல்லுக்கு 18650 என்று பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக் குழாய்க்குள் உலகத்தின் மிகச் சிறந்த கம்பெனிகள் அடைக்க முடிந்தது சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி. அதே அளவுச் செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். அசல் செல் 45 கிராம் பக்கம் இருக்கும், போலி லேசாக இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் லூமென் கணக்கிலும் இதே கூத்து. பத்தாயிரம் லூமென் என்று போட்டிருக்கிற கையடக்க லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்தாலும் 100 வாட் வேண்டும். நல்ல 18650 செல் ஒன்றில் இருப்பது மொத்தமே 13 வாட்-மணி. எட்டு நிமிடத்தில் செல் காலி; அதற்குள் குழாய் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்துவிடும். அந்த எண் அட்டையில் மட்டும் எரிகிற விளக்கு. அமெரிக்காவில் டார்ச் தயாரிப்பாளர்கள் 2009-இல் எஃப்.எல்.1 என்று ஒரு பொது அளவு முறை வைத்துக்கொண்டார்கள். லைட்டைப் போட்டு அரை நிமிடத்துக்குப் பிறகுதான் வெளிச்சத்தை அளக்க வேண்டும். அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரை எரிந்த நேரமே ஓடும் நேரம். முழு நிலவின் வெளிச்ச அளவுக்கு ஒளி குறையும் இடம் வரைக்கும்தான் 'தூரம்'. இந்த விதியைச் சொல்லும்போதே ஒன்று தெரிந்துகொள்ளலாம்: அட்டையில் 200 மீட்டர் என்று இருந்தால், அந்த 200-ஆவது மீட்டரில் இருப்பது வெறும் நிலா வெளிச்சம். மேலும், தூரத்தை இரட்டிப்பாக்க வெளிச்சத்தை நாலு மடங்கு ஆக்க வேண்டும், செல் நாலு மடங்கு வேகத்தில் காலியாகும். வரப்பில் நடக்க ஐம்பது லூமென் தாராளம். லென்ஸை இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் லைட் தென்னை மரத்து உச்சியைக் காட்டும், காலடியை இருட்டில் விட்டுவிடும். நீலம் பாய்ந்த வெள்ளையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் மண் நிறமும் மண் மேல் கிடப்பதன் நிறமும் நன்றாகப் பிரிந்து தெரியும்; பூச்சியும் குறைவாக மொய்க்கும்.

உத்திரமேரூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசும்போது வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். குடத்தில் ஓலை போட்டு எடுத்ததைத்தான் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தக் கல்வெட்டு அதிக இடம் கொடுப்பது யார் யார் பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்பதற்கு. அதில் முக்கியமான ஒன்று: முன்பு பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. இப்படிச் சலித்த பிறகு மிஞ்சுகிறவர்களில் யார் வந்தாலும் சரி என்று ஒரு சிறுவன் கையில் விட்டார்கள். டார்ச் வாங்குவதும் இந்த முறையில் நடந்தால் நன்றாக இருக்கும். கணக்குக் காட்டாத லைட்டுகளை முதலில் வெளியே தள்ளுங்கள். அடைத்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. வெறும் 'மேட் இன் சைனா' என்று மட்டும் இருந்தால் கீழே வையுங்கள். சீனாவில் செய்தது என்பது குற்றமில்லை. இந்தியாவில் யார் பொறுப்பு என்று சொல்லாததுதான் குற்றம். லித்தியம் செல் என்றால் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் செல் மேல் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று காட்டிவிடும். பிறகு கடையிலேயே பின்மூடியைத் திருகிப் பாருங்கள். திறக்கவே முடியாமல் ஒட்டியிருந்தால் செல் சாகும் அன்றே லைட்டும் செத்தது. திறந்தால், மரை இடறாமல் சுழல்கிறதா, நீர் புகாமல் இருக்க ரப்பர் வளையம் இருக்கிறதா, ஸ்பிரிங் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். விசையைப் பத்து இருபது தடவை அழுத்துங்கள். ஒரு தடவை தடுமாறினாலும் வேண்டாம். டைப்-சி துவாரம் இருந்தால் இன்னொரு சின்னச் சோதனை: ஒரு முனையில் பழைய தட்டை பிளக் இருக்கும் ஒயரில் சார்ஜ் ஏறும், இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் புது ஒயரில் ஏறாது என்பது மலிவு லைட்டுகளில் சகஜம். ஐந்து பைசா மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றிரண்டை வைக்காமல் விட்டதன் பலன். அங்கே மிச்சம் பிடித்தவர் வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இவ்வளவும் தாண்டி மிஞ்சுபவற்றில்தான் பெயருக்கு வேலை. கட்டை, பென்சில் பேட்டரி லைட் என்றால் எவரெடி, நிப்போ இரண்டில் எது கைக்கு எட்டுகிறதோ அது. காரணம் தரத்தைவிடப் பரப்பு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தோ நேஷனலின் நிப்போ செல்லோ எவரெடி செல்லோ இல்லாத பலசரக்குக் கடை இந்த வட்டாரத்தில் அபூர்வம். லித்தியம் லைட்டில் எவரெடி, விப்ரோ, பிலிப்ஸ் போன்ற பெயர்களிலும் மூடி திறக்காத மாடல்கள் உண்டு. பெயருக்காக அவற்றை மன்னிக்கத் தேவையில்லை. செல்லைக் கழற்றி மாற்றும் மாடல் எந்தப் பெயரில் கிடைத்தாலும் அதுதான் மலிவு. நாலு வருஷம் கழித்துச் செல் தளர்ந்தால் காஞ்சிபுரத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ புதுச் செல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் தேடுகிற இளைஞர்கள் சோஃபிர்ன், கான்வாய் போன்ற சீனப் பெயர்களைச் சொல்வார்கள். அவை உண்மையான லூமென் கணக்குச் சொல்கிற, நன்றாகச் செய்த லைட்டுகள்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே கவுண்டர் இல்லை, சுங்க வரி தனி. தானே திருகிப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு அவை ஆகும், வயதான அம்மாவின் தலையணைக்கடியில் வைக்க ஆகாது. நாலு விதமாக மினுக்கும் விசையை இருட்டில் அழுத்தத் தெரியாமல் அவர் தடுமாறுவார்.

'கையில்தான் செல்போன் இருக்கிறதே, தனியாக டார்ச் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. பத்து நிமிட வேலைக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட பிறகு நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது போனில் மிஞ்சியிருந்த சார்ஜ், பேசுவதற்கா வெளிச்சத்துக்கா என்ற நிலை. வயலில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால் ஒரு கை 108-ஐ அழைக்கும், இன்னொரு கையில் விளக்கு வேண்டும். சேற்றில் விழுந்தால் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: 'நூற்றைம்பது ரூபாய் லைட் வருஷத்துக்கு ஒன்று கெட்டால்தான் என்ன, புதிது வாங்கிக்கொள்கிறேன்.' ஐந்து வருஷத்துக்கு 750 ரூபாய்; செல் மாற்றும் லைட் 500, ஒரு புதுச் செல் 200 என்று போட்டால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்கு சமம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நூற்றைம்பது ரூபாய் லைட் கெடுகிற நாளை நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கெடுவதில்லை. எடுக்கப் போகும் அந்த ராத்திரிதான் தெரியவரும். ஐந்து ஈய பேட்டரி குப்பைமேட்டிலோ ஏரிக்கரையிலோ சேரும் என்பது இன்னொரு பக்கம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முகவரியே இல்லாத தயாரிப்பாளரை எங்கே போய்த் தேடுவது?

கடைசியாக ஒரு எதிர்ப்பு இருக்கிறது, இதுதான் கனமானது. 'நீங்கள் சொல்லும் ஐந்நூறு ரூபாய் மொத்தமாகக் கையில் இருந்தால் நான் ஏன் மலிவு லைட்டைத் தேடுகிறேன்? நாற்று நடவுக்குப் போய் வாங்கும் கூலியில் இன்றைக்கு ஒதுக்க முடிவது நூறு ரூபாய்தான்.' நீண்ட நாள் லாபம் என்று பேசுவது முன்பணம் இருப்பவருக்குத்தான் சுலபம் என்பது உண்மை. அந்த நூறு ரூபாயில் சார்ஜ் லைட் பக்கமே போக வேண்டாம். அந்த விலையை ஒட்டிக் கிடைக்கும் சார்ஜ் லைட் எல்லாம் சுவரில் குத்தும் ஈய பேட்டரி ரகம்தான். பெயர் தெரிந்த கம்பெனியின் பிளாஸ்டிக் லைட், ரெண்டு பென்சில் பேட்டரி போடுவது அல்லது ஒற்றைக் கட்டை போடுவது, நூறு ரூபாய்க்குள் செல்லோடு சேர்த்தே அமையும். வெளிச்சம் குறைவாக இருக்கும், காலடிக்குப் போதும். பில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, ஆறு மாதத்துக்குள் விசை போய்விட்டால் மாற்றித் தரச் சொல்லவும், தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லவும் அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். தினம் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டிய வேலை என்றால், அதே வரப்பில் நடக்கும் ரெண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல லித்தியம் லைட் வாங்கி மோட்டார் கொட்டகையில் வைக்கலாம். மின்சாரம் வந்திருக்கும் நேரத்திலேயே அங்கே சார்ஜும் ஏறிவிடும்.